ஒரு சாலுக்கு ஒரு எழுத்து

அருளுக்கு,

கல்யாணப் பத்திரிகைக்கு நீ எழுதி அனுப்பியதில் ஒரு வரியை அடித்துவிட்டேன். "தென்னாட்டுப் புலவர் மரபில் வந்த சவரிமுத்து உபதேசியாரின் வழித்தோன்றல்" என்று நீ எழுதியிருந்த வரி. சிவப்பு மை. ஒரே கோடு. அந்த இடத்தில் வேறு ஒரு வரியை எழுதி வில்லியனூர் அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரை அச்சேற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ நெய்வேலியிலிருந்து தந்தி அடித்துத் தடுக்க நினைத்தால் அதற்கு நேரம் இருக்கிறது. தடுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதலில் இதைப் படி. நான் உனக்கு இதுவரை எழுதியவை எல்லாம் சாப்பிட்டாயா, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்ற கடிதங்கள். இது வேறு.

நீ அந்த வரியை எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். கூடத்தில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அந்தத் தாள். பிரெஞ்சில் எழுதிய கல்யாணப் பதிவின் நகல். என் தாத்தாவின் அப்பா சவரிமுத்து. தொழில்: ஆசிரியர். கீழே முத்திரை. நீ வளர்ந்தது அந்தத் தாளுக்குக் கீழேதான். பிரெஞ்சு தெரியாத வயதிலேயே ஆசிரியர் என்ற அந்த ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாய். வந்தவர்கள் சிரிப்பார்கள். உன் தாத்தா மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தச் சொல்லை எழுதியவள் நான். பதிவேட்டில் அது இல்லை.

நம் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்த வருஷம் அது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பாகூர் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்து மெரியில் நின்றது. மெரி என்று நம் ஊரில் சொல்லும் அந்தப் பதிவு அலுவலகத்தில், பழைய பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதப் பிரெஞ்சு தெரிந்த ஆள் போதவில்லை. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தற்காலிக வேலை கிடைத்தது. உனக்கு நாலு வயது. உன்னை உன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போவேன். அவர் உனக்குத் தலை வாரிவிட்டால் வகிடு காதுக்கு மேலே இருக்கும்.

என் அப்பா, உன் தாத்தா, ஒருநாள் கேட்டார். "உபதேசியாரு கல்யாணப் பதிவு இருக்குதா பாரும்மா. ஃப்ரேம் போட்டு மாட்டணும்." எனக்கும் ஆசை. அவர் தெற்கே எங்கோ புலவர் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, நம் ஊர்ப் பக்கம் வந்து, வயல் வரப்பில் குடை பிடித்து நின்று கூலிக்காரர்களுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மதிய இடைவேளைகளில் தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. பக்கத்தின் ஓரம் பூச்சி அரித்திருந்தது. எழுத்து தெளிவாக இருந்தது.

சவரிமுத்து. பிறந்தது தெற்கே எங்கும் இல்லை. இதே ஊர். பின்தெரு. இப்போது பள்ளிக்கூடம் இருக்கும் தெருவுக்குப் பின்னால், கோவிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்களே, அந்தத் தெரு. தொழில்: அன்றாடக் கூலி. மணமகள் பெயர் ஞானம்மா. தொழில்: அதேதான். கடைசியில் ஒரு வரி. "மணமக்கள் இருவரும், கேட்கப்பட்டபோது, கையெழுத்திடத் தெரியாது என்று அறிவித்தார்கள்."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உபதேசியாருக்கு எழுதத் தெரியாதா. யாரோ என் தலையில் தட்டியதுபோல் இருந்தது. வெளியே ஜன்னலில் யாரோ "எம்மா, எங்க பேப்பரு இன்னா ஆச்சி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நகல் எழுத உட்கார்ந்தேன். கூலி என்ற இடத்தில் ஆசிரியர் என்று எழுதினேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். ஊரைக்கூட எழுதவில்லை. பேனா நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அதிகாரி என்னை நம்பிக் கையெழுத்திட்டார். முத்திரை குத்தினேன். அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. "எல்லாம் இருக்குதாம்மா?" என்றார். "இருக்குதுப்பா" என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டம் குறைவதற்குள் மரியான் தாத்தா வந்தார். நீ பார்த்ததில்லை. அந்தத் தெருக்காரர். எண்பது வயது. சைகோனில் இருந்த மகனுக்கு ஏதோ நகல் வேண்டும். என்னைப் பார்த்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ உபதேசியாரு வூட்டுப் பொண்ணுதானே? உங்கப்பன் அவரக் கொட புடிச்சிகினு வரப்புல நிக்க வச்சிட்டான்பா. நல்லா கீது கத."

"அப்ப அவரு எங்க நின்னாரு தாத்தா?"

"எங்க நின்னாரா? ஏத்தத்து மேல நின்னாரு. அவரு தண்ணி எறைக்கிற ஆளும்மா. நானே கீழ சால் புடிச்சிருக்கேன், பையனா இருக்கசொல்ல."

ஏற்றத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். உனக்கு நினைவு தெரியும்போது மோட்டார் வந்துவிட்டது. கிணற்று மேட்டில் நீண்ட மரம். அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சால் என்ற பெரிய வாளியைப் பிடித்து நீரை மொண்டு வாய்க்காலில் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்று மறக்காமல் இருக்க மேலே நிற்பவர் எண்ணைப் பாட்டாகப் பாடுவார். மரியான் தாத்தா சொன்னார், உபதேசியார் எண்ணைப் பாடவில்லை. எழுத்தைப் பாடினார். ஒரு சாலுக்கு ஒரு எழுத்து. அ என்றால் ஒரு சால். ஆ என்றால் அடுத்த சால். வாய்க்காலில் மடை திறந்துவிடும் பெண்கள், களை எடுப்பவர்கள், எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் முடியும்போது ஒரு வயலுக்குப் பாய்ந்திருக்கும். நிலக்காரர் வரப்பில் வந்து நின்றாலும் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

"வேலய நிறுத்தினாதான கேப்பாங்க? அவரு ஒருநாளும் நிறுத்தல. எழுத்தும் நிக்கல."

"அவருக்கு ஆரு தாத்தா சொல்லிக் குடுத்தது?"

"ஆரும் சொல்லிக் குடுக்கல. சாமியாருக்குப் பொட்டி தூக்கிகினு ஊரூரா போனாரு, கல்யாணம் ஆன புதுசுல. சாமியாரு ஜெபப் புஸ்தகம் வாய் விட்டுப் படிக்கசொல்ல இவரு எதுர்ல குந்திகினு பாத்துகினே இருப்பாரு. எதுர்ல இருந்து பாத்தா எழுத்து எப்பிடித் தெரியும்?"

"தலைகீழா."

"ஆங். அப்பிடியே கத்துகினாரு. பொறவு நேராவும் கத்துகினாரு, அது வேற. கடசி வரைக்கும் தலகீழாத்தான் வேகமா படிப்பாரு. எங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கசொல்ல எதுர்ல குந்துவாரு. மணல்ல தலகீழா எழுதுவாரு. எங்களுக்கு நேராத் தெரியும். வேற எந்த வாத்தியாரு எழுதுவான் அந்த மாதிரி?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த மெரிக்கும் வருவாரு. தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் சாட்சிக்கு. உன்ன மாதிரி ஒருத்தன் குந்திகினு எழுதுவான். இவரு எதுர்ல நிப்பாரு. சாமியாரு கூடச் சுத்துனதுல பிரெஞ்சும் கத்துகினாரு, அவன் எழுதுறத நின்ன எடத்துலயே படிச்சிடுவாரு. கூடக் கொறய எழுத முடியாது. அவருக்கு முன்னால எந்த குமாஸ்தாவும் ஒரு வரி வுட முடியாதும்மா."

எனக்கு முகம் கொதித்தது. அவர் தெரிந்து சொல்லவில்லை. தன் நகலை வாங்கி மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து பதிவேடுகளை வரிசையாகப் படித்தேன். வேலைக்காக இல்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவை ஓரம் வைத்துவிட்டு. உனக்கு நான் கொடுக்க விரும்பும் சொத்து இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். அவர் கல்யாணம் நடந்த காலத்துப் பதிவேடுகளில் அந்தத் தெருவின் எல்லாக் கல்யாணங்களுக்கும் அதே கடைசி வரி. கையெழுத்திடத் தெரியாது. பக்கம் பக்கமாக. பிறகு ஓர் இடத்தில், யாரோ ஒருவரின் கல்யாணத்தில், சாட்சியாக ஒரு கையெழுத்து. சவரிமுத்து. தமிழில். நிமிர்ந்த, பெரிய எழுத்து, வேலி போட்டதுபோல். அதற்குப் பின் சில வருஷங்களில் ஒரு மாப்பிள்ளை கையெழுத்திடுகிறான். எழுத்து மேலே ஏறிப் பக்கத்து வரியை இடிக்கிறது. அப்புறம் இரண்டு சாட்சிகள். அப்புறம் ஒரு மணமகள். அந்த முதல் பெண்ணின் பெயர் செசிலி. 'லி'யின் கொக்கி தாளைக் கிழித்திருக்கிறது. பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறாள். நான் அந்தக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தேன், அருள். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். கோவிலில் சுவிசேஷம் வாசிக்கும்போது நிற்போமே, அப்படி.

இன்னும் போகப் போக அந்தத் தெருக்காரர்கள் பக்கத்தில் அந்த வரி அரிதாகிறது. பக்கத்துத் தெருவில், பெரிய வீட்டுக்காரர்கள் பக்கத்தில், பெண்களுக்கு இன்னும் அந்த வரி இருக்கிறது. இந்தத் தெருவில் இல்லை. கடைசியாக உபதேசியாரின் மகள் கல்யாணம். தொழில் என்ற இடத்தில், எழுதியவன் கை, என் கை இல்லை, உண்மையாகவே எழுதியிருக்கிறது: உபதேசியார், பள்ளிக்கூட ஆசிரியர். கீழே மாப்பிள்ளை கையெழுத்து. மகள் கையெழுத்து. சவரிமுத்து. அதற்குப் பக்கத்தில், சின்னதாக, தயங்காமல், ஞானம்மா. அந்த அம்மாவின் பெயரை நம் வீட்டில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. புலவர் கதையில் மனைவிக்கு இடம் இருக்கவில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகாவது நான் அந்தத் தாளைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. அப்பாவின் மனம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். வேலை நிரந்தரமானபோது வேலை என்று சொல்லிக்கொண்டேன். அப்பா போன பிறகும் தாள் இருந்தது. உனக்குப் பத்து வயது இருக்கும்போது வாசலில் பம்பரச் சண்டை. பின்தெருப் பையன் ஒருவனிடம் நீ சொன்னாய், "நாங்க புலவர் பரம்பரை. உங்க பாட்டன் கூலி. போடா." நான் அடுப்படியில் இருந்தேன். காதில் விழுந்தது. வெளியே வந்து, "அருள், நம்ம பாட்டனும் அதே தெருதான்" என்று சொல்ல ஏழு எட்டு அடி தூரம். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். நகலில் செய்த தப்பு தாளோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அன்று உன் வாயில் அதைக் கேட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் நீ படித்தாய்.

நம் வீட்டுக் கல்யாண வழக்கம் உனக்குத் தெரியும். கோவிலுக்குப் புறப்படுமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆற்று மணலில் தங்கள் பெயரை எழுத வேண்டும். என் கல்யாணத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் மணல் பரப்பியிருந்தார்கள். புலவர் வீட்டுச் சடங்கு என்று அப்பா எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். அதற்கு முன்பெல்லாம் முறத்தில்தான் பரப்புவார்களாம். "புலவர் வீட்டுக்கு முறம் எதுக்கு?" என்று அப்பாதான் மாற்றினார். மரியான் தாத்தாவிடம் இதையும் கேட்டிருந்தேன். "முறந்தான் எல்லாரு வூட்டுலயும் இருந்துச்சி. தாம்பாளம் எவன் வூட்டுல இருந்துச்சி?" என்றார். மெரியில் போய்த் தலைகுனியக் கூடாது என்று, காலையிலேயே ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ள உபதேசியார் ஏற்படுத்திய ஒத்திகை அது. அவருக்கும் ஞானம்மாவுக்கும் நடந்தது இன்னொரு ஜோடிக்கு நடக்கக்கூடாது. அவ்வளவுதான். அவருடைய பிரசங்கங்களில் எதுவும் எழுத்தில் இல்லை. இந்த முறம் ஒன்று போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உன் கல்யாணம். பெண் பார்க்கப் போய்ப் பேசி முடித்து, அவர்கள் நம் வீட்டுக்கு வந்தபோது ஸ்டெல்லாவின் அப்பா அந்தத் தாளுக்கு முன் நின்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். "புலவர் பரம்பரை. இதுக்கு மேல எனக்கு இன்னா வேணும்?" வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஊரெல்லாம் அதைச் சொல்லி வைத்திருக்கிறார். நீயும் பத்திரிகையில் அதையே எழுதி அனுப்பினாய். என் வீட்டுச் சுவரில் இருந்த பொய் எழுநூறு பிரதிகளில் அச்சாகி ஊர் ஊராகப் போகப்போகிறது. இந்த வரியை எடுத்தால் கல்யாணம் நிற்கலாம். எடுக்காவிட்டால் ஸ்டெல்லாவும் நம் வீட்டில் வந்து அந்தத் தாளுக்குக் கீழே குழந்தை வளர்ப்பாள். இரண்டு நாள் யோசித்தேன். உன் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என் பக்கத்துல பரம்பரைனு ஒண்ணுமே இல்ல. நான் நல்லாதானே இருக்கேன்?"

மெரிக்குப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். ஒரு வரி விடாமல் நகல் எழுதினேன். அதிகாரியிடம், இப்போது இருப்பவர் இளைஞர், அந்தப் பழைய நகலையும் வைத்து நான் செய்ததைச் சொன்னேன். அவர் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். "எழுதிக் கொடுங்கம்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன். என்ன வரும் என்று தெரியவில்லை. பிறகு டவுன் பஸ் ஏறி வில்லியனூருக்குப் போனேன்.

கடையில் கூட்டம் இல்லை. ஸ்டெல்லாவின் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். நகலைப் படித்தேன், தமிழில், மெதுவாக. கூலி என்ற இடத்தில் நிறுத்தவில்லை. கடைசி வரியிலும் நிறுத்தவில்லை. அவர் முகம் மாறியது.

"அப்ப எங்கள ஏமாத்திட்டீங்க, சம்மந்தியம்மா."

"ஆமாண்ணே."

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே. இப்ப நான் இன்னா மூஞ்சிய வச்சிகினு கடையில குந்துறது?"

உள்ளே இருந்து ஸ்டெல்லா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். "அவரு சம்சாரம் பேரு எங்க இருக்குது அத்த?" என்றாள். காட்டினேன். "ஞானம்மா" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இவங்களும் கத்துகினாங்களா?" கற்றுக்கொண்டார்கள் என்றேன். மகள் கல்யாணத்தில் கையெழுத்திட்டார்கள் என்றேன். "அப்ப இந்தப் பேரையும் பத்திரிகையில போடுங்க" என்றாள். அவள் அப்பா, "உள்ள போடி" என்றார். அவள் போனாள். தாளைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

மூன்று நாள் எந்தச் செய்தியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ஸ்டெல்லாவின் அப்பா நம் வாசலில் நின்றார். உள்ளே வந்து நேராகக் கூடத்துக்குப் போனார். கண்ணாடிச் சட்டத்துக்குள் இப்போது வேறு நகல் இருந்தது; ஒன்று ஸ்டெல்லாவிடம் தங்கிவிட்டதால் நான் மறுபடி எழுதியது. அதன் முன் நின்றார்.

"எங்கப்பா இதே வில்லியனூர்ல மூட்ட தூக்கினாரு," என்றார். "முதுகுல ஒரு காப்பு காச்சிருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு. கடைய நான் வச்சப்போ ஒரு போட்டோ எடுத்தோம். அவரச் சட்டை போட்டுகினு நிக்கச் சொன்னா மாட்டேன்னுட்டாரு. சட்டை இல்லாம எப்பிடி மாட்டுறதுன்னு போட்டோவப் பொட்டியில வச்சிட்டேன். பாட்டன் காலத்துலர்ந்தே எங்களுக்கு வியாபாரம்னு சொல்லிகினு இருக்கேன்." உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "சம்மந்தியம்மா ஒரு வரியத்தான் மறச்சாங்க. நான் ஒரு ஆளையே மறச்சிட்டேன்."

"காப்பி சாப்பிடுங்கண்ணே" என்றேன்.

"சாப்புடலாம். மொதல்ல அந்தப் புது வரியப் படிங்க. எங்க பக்கத்துலயும் ஒரு வரி சேக்கணும்."

படித்துக் காட்டினேன். உனக்கும் இங்கே எழுதுகிறேன்: "இவ்வூரில் கூலியாகப் பிறந்து, தாமே எழுத்துக் கற்று, ஏற்றத்தின் மேல் நின்று ஊருக்கு எழுத்துச் சொன்ன சவரிமுத்து உபதேசியார், ஞானம்மா வழித்தோன்றல்." பத்திரிகையில் இப்படி யாரும் போடுவதில்லை என்று அச்சகத்துக்காரர் சொல்கிறார். அதனால்தான் போடுகிறோம். பெண் வீட்டுப் பக்கத்தில் ஸ்டெல்லாவின் தாத்தா பெயருக்கு முன்னால் "மூட்டை தூக்கி இக்குடும்பத்தை நிறுத்திய" என்று வருகிறது. அவள் அப்பா தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அறிவுரை என்று உனக்கு நிறையச் சொல்லத் தெரியாது. உன் குழந்தைகளுக்கு நல்ல கதை சொல்ல ஆசை வரும்போது பதிவேட்டை எடுத்துப் பார். அங்கே இருப்பது, நாம் புனைந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. புலவர் வீட்டில் பிறந்தவன் எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அது அவன் வீட்டு வழக்கம். சாமியாரின் பெட்டியைச் சுமந்தவன், தலைகீழாகப் பார்த்த எழுத்தைக் கொண்டு ஒரு தெருவையே நிமிரவைத்தான். நாம் அவருக்குக் குடை பிடித்து அவரைச் சின்னவராக்கிவிட்டோம். இனி இல்லை. பின்தெருவில் எல்லா வீட்டுக்கும் நீயே நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். அந்தப் பம்பரக்காரன் வீட்டுக்கு முதலில். அவன் இப்போது மண்ணாடிப்பட்டில் வாத்தியார். அந்த வரியை அவன் வாய்விட்டுப் படிக்கட்டும். நீ எதிரில் நின்று கேள்.

பாகூர்ச் சந்தையில் புது முறம் வாங்கிவிட்டேன். தாம்பாளத்தைப் பரணில் போட்டாயிற்று. மணலை உன் அப்பா சலித்துக்கொண்டிருக்கிறார், கல் ஒன்று இல்லாமல். வரும் மாதம் முதல் திங்கள், கோவிலுக்கு முன்னால் மெரி. அந்த நாற்காலியில் அன்று நான் இருப்பேனா, வேறு யாராவது இருப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை. நான் இருந்தால் பதிவேட்டை உங்கள் பக்கம் திருப்பி வைப்பேன். வேறு யாராவது இருந்தால் நீ திருப்பச் சொல். நீயும் ஸ்டெல்லாவும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். அவசரம் என்பார்கள். நின்றுகொண்டே படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அம்மா